ஒரே கிளப்பில் 13 ஆண்டுகள்: லாரி ரெய்லியும் பழைய ‘தக்கவைப்பு’ முறையும்

கால்பந்து பேச உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: “அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஒரு கிளப்பில் சேர்ந்தால் கடைசி வரை அங்கேதான் இருப்பார்கள். இப்போது எல்லாமே பணம்.” மனசார வருத்தப்பட்டுத்தான் சொல்கிறார்கள். பழைய பட்டியல்களைப் புரட்டினால் ஆதாரமும் கிடைக்கும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கிளப்பில் ஆடியவர்கள் வரிசையாக வருவார்கள்.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அவர்கள் போக நினைத்திருந்தால் போக முடிந்திருக்குமா?

பெரும்பாலும் முடிந்திருக்காது. பிரிட்டனில் 1890-களில் தொடங்கி 1960-கள் வரை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு முறை இருந்தது. அதன் பெயர் ‘ரீட்டெய்ன் அண்ட் டிரான்ஸ்ஃபர்’. தமிழில் ‘தக்கவைப்பு-மாற்று முறை’ என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

விதியை மட்டும் எடுத்துச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போவோம். ஸ்காட்லாந்தின் லாரி ரெய்லி. அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சின்ன வயதிலிருந்தே தன் கிளப்பை உயிராக நேசித்தவர் அவர், வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடவே இல்லை. அப்படிப்பட்டவரே ஒருமுறை “என்னை விடுங்கள், போகிறேன்” என்று சொல்லி ஆட மறுத்து வெளியே நின்றார்.

## முதலில் ரெய்லியைத் தெரிந்துகொள்வோம்

1928 அக்டோபர் 28 அன்று எடின்பரோ நகரில் பிறந்தவர். அந்த ஊரில் இரண்டு பெரிய கிளப்புகள். ஒன்று ஹார்ட்ஸ், இன்னொன்று ஹிபர்னியன். ஹிபர்னியனை எல்லோரும் ‘ஹிப்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அதன் மைதானம் ஈஸ்டர் ரோடு. ரெய்லியின் அப்பாவுக்கு ரயில்வே வேலை. அந்தச் சலுகையில் அப்பாவும் பிள்ளையும் வெளியூர் ஆட்டங்களுக்குக்கூட ஹிப்ஸைப் பார்க்கப் போய்வருவார்கள். அந்தப் பையன் 17 வயது தாண்டுவதற்குள், 1945-ல், ஹிப்ஸ் அணிக்கே ஆட ஆரம்பித்துவிட்டான்.

தொடக்கத்தில் இடது ஓரத்தில் ஆடினார். பிறகு நிலையாகக் கிடைத்த இடம் சென்டர் ஃபார்வர்ட். எதிரணி கோலுக்கு நேர் எதிரே, முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்கும் பொறுப்பைச் சுமப்பவர் என்று பொருள். முதுகில் 9 என்ற எண். இன்று ஸ்ட்ரைக்கர் என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

அப்போதெல்லாம் முன்வரிசையில் ஐந்து பேர். வலமிருந்து இடமாக ஹிப்ஸின் ஐவர்: கார்டன் ஸ்மித், பாபி ஜான்ஸ்டன், லாரி ரெய்லி, எடி டர்ன்புல், வில்லி ஆர்மண்ட். ஸ்காட்லாந்தில் இவர்களை ‘ஃபேமஸ் ஃபைவ்’ என்றே அழைத்தார்கள். ஐந்து பேருமே ஹிப்ஸுக்காக லீக் ஆட்டங்களில் தலா நூறு கோலுக்கு மேல் அடித்தவர்கள். ஒரு கிளப்பின் முன்வரிசை மொத்தமும் இப்படி அமைவது எவ்வளவு அபூர்வம்! ரெய்லியின் கணக்கு 253 லீக் ஆட்டங்களில் 187 கோல். லீக் கோல்களில் ஹிப்ஸ் வரலாற்றிலேயே அவர்தான் முதல். 1948, 1951, 1952 என மூன்று முறை லீக் பட்டம் வந்தது.

நான்காவதும் வந்திருக்க வேண்டியது. 1952–53 சீசன் முடிவில் கிளாஸ்கோ நகரின் ரேஞ்சர்ஸும் ஹிப்ஸும் சரியாக 43 புள்ளிகள். அப்படிச் சமமானால் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்ப்பது அன்றைய வழக்கம். ரேஞ்சர்ஸ் 80 அடித்து 39 வாங்கியிருந்தது. ஹிப்ஸ் 93 அடித்து 51 வாங்கியிருந்தது. வகுத்தால் ரேஞ்சர்ஸுக்கு 2.05, ஹிப்ஸுக்கு 1.82. கோப்பை கிளாஸ்கோவுக்குப் போனது. இன்றைய வழக்கப்படி கழித்துப் பாருங்கள்: ரேஞ்சர்ஸ் 41, ஹிப்ஸ் 42! இது நம் விஷயத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் ஹிப்ஸ் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வரும் மனக்குறை இது, சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஓர் ஆட்டக்காரரின் சாதனைப் பட்டியலில் என்ன எழுதப்படும் என்பதை அவர் காலத்து விதி எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்றும் இதில் பார்க்கலாம்.

நாட்டுக்காக 38 ஆட்டங்கள், 22 கோல்கள். இங்கிலாந்துக்கு எதிராக லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஐந்து ஆட்டங்களில் ஐந்து கோல். 1953 ஏப்ரலில் நடந்த வெம்ப்ளி ஆட்டம்தான் அவருக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது. காயத்தால் ஒருவரை இழந்து பத்துப் பேரோடு ஆடிய ஸ்காட்லாந்து 2–1 என்று பின்தங்கி இருந்தது. ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் ரெய்லி அன்றைய தன் இரண்டாவது கோலை அடித்து 2–2 ஆக்கினார். அன்றிலிருந்து அவர் ‘லாஸ்ட் மினிட் ரெய்லி’.

அதே 1953-ல்தான் அவருக்கும் கிளப்புக்கும் முட்டிக்கொண்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் விதியைப் பார்க்க வேண்டும்.

## டி.சி. தராத பள்ளிக்கூடம்

ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிட்டது. அந்த ஆண்டுக் கட்டணம் கட்டியாயிற்று, பாக்கி எதுவும் இல்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர வேண்டும். அந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளத் தயார். ஆனால் கையில் டி.சி. வேண்டும். பழைய பள்ளி, “டி.சி. தர மாட்டோம். இங்கேயே படிப்பதானால் படிக்கட்டும்” என்கிறது. எவ்வளவு காலத்துக்குத் தர மாட்டார்கள்? அதற்கு வரம்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள அத்தனை பள்ளிகளும், வெளியூர்ப் பள்ளிகளும்கூட, “டி.சி. இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டோம்” என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன.

பிள்ளையை யாரும் கட்டிப்போடவில்லை. வீட்டில் இருக்கலாம், கடையில் வேலைக்குப் போகலாம். படிக்க மட்டும் முடியாது.

இப்போது பள்ளிக்குப் பதிலாகக் கிளப், பிள்ளைக்குப் பதிலாக ஆட்டக்காரர், டி.சி.க்குப் பதிலாகப் ‘பதிவு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். முக்கால்வாசி விஷயம் வந்துவிட்டது. மிச்சம் கால்வாசியில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது: இந்த டி.சி.யைக் கிளப்புகள் ஒன்றுக்கொன்று விலை பேசி விற்கலாம்.

## விதி வேலை செய்த விதம்

தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டதும், அவர் பெயர் அந்தக் கிளப்பின் பெயரில் லீக்கிலும் கால்பந்துச் சங்கத்திலும் பதிவாகும். இதுதான் பதிவு. பதிவு எந்தக் கிளப்பிடம் இருக்கிறதோ, அந்தக் கிளப்புக்கு மட்டும்தான் அவர் ஆட முடியும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். படிக்கும்போது ஆட்டக்காரருக்குச் சாதகம் போலத் தெரியும், ஒரு வருஷம் முடிந்ததும் போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் பிடி இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலும் பதிவு முடியாது. இரண்டும் தனித்தனி. ஒப்பந்தத்தில் இருந்தது சம்பளம், பதிவில் இருந்தது ஆடும் உரிமை. முதலாவது ஒரு வருஷத்தில் காலாவதியாகும். இரண்டாவது, கிளப் விரும்பும் வரை கிளப்பிடமே இருக்கும்.

சீசன் முடியும் வசந்த காலத்தில் ஒவ்வொரு கிளப்பும் ‘தக்கவைப்புப் பட்டியல்’ ஒன்றை வெளியிடும். அடுத்த சீசனுக்கு யார் யார் பதிவை விடாமல் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்ற பட்டியல். ஆட்டக்காரர்களின் வீடுகளில் அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வேலை போயிற்று. சிலரை ‘விற்பனைக்கு’ என்று ஒரு விலையோடு வைப்பார்கள், சிலரைச் சும்மாவே விட்டுவிடுவார்கள். பெயர் இருந்தால், கிளப் சொல்லும் சம்பளத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். “இந்தச் சம்பளம் போதாது” என்று மறுத்தால் என்ன ஆகும்? ஒப்பந்தம் இல்லாததால் கிளப் சம்பளம் தர வேண்டியதில்லை. பதிவு கிளப்பிடம் இருப்பதால் வேறு எங்கும் ஆடவும் முடியாது.

இங்கிலாந்து லீக்கில் இந்தக் கட்டுப்பாடு 1893-ல் வந்தது. ஸ்காட்லாந்தில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுவதே 1893-ல்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அங்கும் இதே பாணிதான் வேரூன்றியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். ஒப்பந்தம் வேறு, பதிவு வேறு. ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு முடியும். பதிவைக் கிளப் விட்டால்தான் உண்டு. மறுக்கும் ஆட்டக்காரருக்குச் சம்பளமும் இல்லை, வேறு மைதானமும் இல்லை.

## ஐ.பி.எல். ‘ரீட்டெய்ன்’ வேறு, இது வேறு

‘ரீட்டெய்ன்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஐ.பி.எல். ஏலம்தான் ஞாபகம் வரும். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. ஐ.பி.எல்.லில் ஓர் அணி உங்களைத் தக்கவைக்க விரும்பினால் உங்கள் சம்மதம் வேண்டும். பிடிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகலாம். 1950-களின் ஸ்காட்லாந்துக்காரருக்கு அந்த ‘வேண்டாம்’ என்ற பதிலே கிடையாது. அவருக்கு ஏலமும் இல்லை. ஏலம் மாதிரி ஏதாவது நடந்தாலும் அது இரண்டு கிளப்புகளுக்கு இடையில் மட்டும் நடக்கும்.

## பணம் எந்தப் பக்கம் போனது

ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பதிவை விட்டுக்கொடுக்க வாங்கும் பணத்துக்கு மாற்றுக் கட்டணம் என்று பெயர், நாம் டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் என்கிறோம். இதிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. “அந்தக் காலத்திலேயே 22,000 பவுண்டுக்கு வாங்கினார்கள்” என்று படிக்கும்போது அந்தப் பணம் ஆட்டக்காரர் கைக்குப் போனதாகவே தோன்றும். ஐவரில் ஒருவரான பாபி ஜான்ஸ்டனை 1955-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு ஹிப்ஸ் விற்றது அந்த விலைக்குத்தான். பணம் போனது ஹிப்ஸுக்கு. இங்கிலாந்து விதிப்படி புதிதாகக் கையெழுத்துப் போடும் ஆட்டக்காரருக்குக் கிளப் தரக்கூடிய தொகை 10 பவுண்டு.

சம்பளத்துக்கும் இங்கிலாந்தில் உச்சவரம்பு இருந்தது. 1901-ல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று ஆரம்பித்து 1958-ல் 20 பவுண்டு வரை உயர்ந்தது. எத்தனை கோல் அடித்தாலும், எத்தனை ஆயிரம் பேர் பார்க்க வந்தாலும் அதற்கு மேல் கிடையாது. பார்க்க வந்த கூட்டமோ சாதாரணக் கூட்டம் இல்லை. 1950 ஜனவரி 2 அன்று ஹார்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு ஈஸ்டர் ரோட்டில் கூடியவர்கள் 65,860 பேர். வாசலில் வசூலான பணம் கிளப்புக்கு.

அப்படியானால் ஆட்டக்காரர் நாலு காசு சேர்ப்பது எப்படி? இருந்த ஒரு வழி ‘டெஸ்டிமோனியல்’. நீண்ட நாள் உழைத்த ஆட்டக்காரருக்காகக் கிளப் ஒரு சிறப்பு ஆட்டம் நடத்தி, அந்த வசூலை அவருக்கே கொடுக்கும். நம் ஊர்ப் பழைய கிரிக்கெட் ரசிகர்களுக்கு ‘பெனிஃபிட் மேட்ச்’ என்றால் புரியும். பணிக்கொடை மாதிரிதான், ஆனால் பணிக்கொடைக்குச் சட்டம் உண்டு. டெஸ்டிமோனியல் தருவதும் தராததும் கிளப்பின் விருப்பம்.

1952 செப்டம்பரில் கார்டன் ஸ்மித்துக்கு அப்படி ஓர் ஆட்டம் நடந்தது. எதிரணி மான்செஸ்டர் யுனைடெட், ஹிப்ஸ் 7–3 என்று வென்றது. ஸ்மித் அதற்கு முற்றிலும் தகுதியானவர். ஹிப்ஸுக்கு மொத்தம் 364 கோல் அடித்தவர்.

ரெய்லி தனக்கும் அதே போல ஒன்று கேட்டார். கிளப் மறுத்தது.

## ரெய்லி ஆடாமல் நின்ற நாட்கள்

மற்ற எல்லோரையும் விட ரெய்லியின் கதை இந்த முறையைத் தெளிவாகக் காட்டுவது இந்த இடத்தில்தான்.

1953-ல் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று பாருங்கள். 24 வயது. எட்டு ஆண்டுகளாக ஹிப்ஸில் ஆடுகிறார். மூன்று லீக் பட்டம் வாங்கித் தந்திருக்கிறார். ஏப்ரலில் வெம்ப்ளியில் அடித்த கோலால் நாடே அவர் பெயரைச் சொல்கிறது. இன்றைய கணக்கில் இப்படிப்பட்ட ஒருவருக்குப் பேரம் பேசும் பலம் எவ்வளவு இருக்கும்! ஐரோப்பாவின் பத்துக் கிளப்புகள் கதவைத் தட்டும், இவர் வாயே திறக்காமல் சம்பளம் இரட்டிப்பாகும்.

அன்று அவரிடம் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: ஆடாமல் இருப்பது. வேறு கிளப்புக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். பதிவைக் கிளப் விடவில்லை. 1953–54 சீசன் தொடங்கியபோது ஹிப்ஸின் 9-ம் எண் சட்டையில் ரெய்லி இல்லை.

அவர் தரப்பிலிருந்து யோசித்தால் இது எவ்வளவு ஒருதலையான சண்டை என்று புரியும். ஆடாத ஒவ்வொரு வாரமும் ரெய்லிக்கு இரண்டு நஷ்டம், பணமும் போகிறது, வயதும் போகிறது. கால்பந்து ஆட்டக்காரருக்குக் கால் நன்றாக ஓடுவது ஒரு பத்து, பன்னிரண்டு வருஷம்தான். கிளப்புக்கு நஷ்டம், ஒரு நல்ல ஆட்டக்காரர் இல்லாமல் சில ஆட்டங்கள். பதிவு அப்போதும் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது. யார் முதலில் களைத்துப்போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தின் வில்ஃப் மேனியன் இதைத்தான் 1948-ல் அனுபவித்தார். மிடில்ஸ்பரோவை விட்டுப் போக விரும்பி, மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தார். கடைசியில் அதே மிடில்ஸ்பரோவுக்குத் திரும்பி வந்து ஆடினார்.

ரெய்லி விஷயம் இவ்வளவு தூரம் இழுக்கவில்லை. ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஜார்ஜ் கிரஹாம் தலையிட்டுச் சமரசம் செய்து வைத்தார். அவர் தலையிடக் காரணம் இருந்தது. 1954 உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள் அந்தப் பருவத்தில்தான் நடந்தன, நாட்டுக்கு ரெய்லி தேவைப்பட்டார். கிளப்பில் ஆடாதவரை நாட்டு அணிக்கு எடுப்பது எப்படி? சமரசம் ஆனது. 1953 நவம்பரில் வேல்ஸுடன் 3–3 என முடிந்த ஆட்டத்தில் ரெய்லி ஸ்காட்லாந்துக்கு ஒரு கோல் அடித்தார்.

இதைக் கவனியுங்கள். ரெய்லியின் பிரச்சினை தீர்ந்தது விதியில் அவருக்கு ஏதோ உரிமை இருந்ததால் அல்ல. இன்னொரு பெரிய அமைப்புக்கு அவர் தேவைப்பட்டதால். நாட்டு அணியில் இல்லாத ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு எந்தச் செயலாளர் வந்து பேசியிருப்பார்?

அந்த உலகக் கோப்பைக்கும் ரெய்லி போகவில்லை என்பது தனித் துயரம். 1954 தொடக்கத்தில் நுரையீரல் உறை அழற்சி வந்து படுத்துவிட்டார். சுவிட்சர்லாந்துக்கு 13 பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போன ஸ்காட்லாந்து, ஆஸ்திரியாவிடம் 1–0, உருகுவேயிடம் 7–0 என்று தோற்றுத் திரும்பியது.

ஆக, “ரெய்லி விசுவாசி” என்பதும் உண்மை, “ரெய்லி போக விரும்பினார்” என்பதும் உண்மை. கிளப்பை நேசிக்கும் ஒருவர் அந்தக் கிளப்பின் நிர்வாகத்திடம் நியாயம் கேட்கக் கூடாதா என்ன? 1953-க்குப் பிறகும் அவர் ஹிப்ஸில் இருந்ததை அவருடைய அன்புக்கு மட்டும் சான்றாகக் காட்ட முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

## வேலியில் ஓர் ஓட்டை: பொகோட்டா

இந்த முறை எதனால் உறுதியாக நின்றது? எல்லாக் கிளப்புகளும் ஒன்றின் பதிவை மற்றொன்று மதித்ததால். நாடு விட்டு நாடு போனாலும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் இதைக் காப்பாற்றின. அப்படியானால் ஃபிஃபாவை மதிக்காத ஒரு லீக் எங்காவது இருந்தால்?

இருந்தது. 1949 வாக்கில் கொலம்பியாவின் லீக் ஃபிஃபாவை விட்டு விலகி நின்றது. அங்குள்ள கிளப்புகள் மாற்றுக் கட்டணம் எதுவும் தராமல், பணத்தை நேராக ஆட்டக்காரர்களிடமே கொடுத்து அழைத்தன. அர்ஜென்டினாவின் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ போனார். பிரிட்டனிலிருந்தும் சிலர் 1950-ல் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் பாபி ஃப்ளேவெல். எடின்பரோவின் அந்த இன்னொரு கிளப்பான ஹார்ட்ஸின் சென்டர் ஃபார்வர்ட். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் மில்லோனாரியோஸ் அணியில் டி ஸ்டெஃபானோவோடு ஆடினார்.

நிலைக்கவில்லை. ஊர் திரும்பியபோது தடையும் அபராதமும் காத்திருந்தன. அதையெல்லாம் தாண்டி டண்டீ கிளப்பில் சேர்ந்து, 1951, 1952 என அடுத்தடுத்து இரண்டு லீக் கோப்பை இறுதி ஆட்டங்களில் கோல் அடித்து வென்றார். ‘துரோகி’ என்று பழைய பத்திகளில் பேசப்பட்ட இந்த ஆட்டக்காரர்கள் செய்தது என்ன? வேறு ஊரில் அதிகச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

## கிளப்புகள் சொன்ன நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் விளக்கம் முழுமையாகாது. கிளப்புகளுக்கும் ஒரு வாதம் இருந்தது. ஆட்டக்காரர்கள் விருப்பப்படி போகலாம் என்றால் பணக்காரக் கிளப்புகள் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும், சிறு கிளப்புகள் அழிந்துவிடும் என்றார்கள். ஒரு பையனைக் கண்டுபிடித்து வளர்த்த சிறு கிளப்புக்கு மாற்றுக் கட்டணம்தான் வாழ்வாதாரம் என்பதும் பொய்யில்லை.

இந்தக் கவலையில் உண்மை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையை முழுக்க ஆட்டக்காரர்களே கொடுக்க வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? போட்டி சமமாக இருக்க வேண்டும் என்றால் கிளப்புகள் தங்கள் வசூலைப் பகிர்ந்துகொள்ளலாமே. அந்த வழி எளிதாகக் கண்ணில் படவில்லை.

## முழங்கால், அப்புறம் அடுத்த 9-ம் எண்

ரெய்லியின் மிச்சக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1955-ல் ஐரோப்பியக் கோப்பை முதன்முதலாக நடந்தபோது பிரிட்டனிலிருந்து கலந்துகொண்ட முதல் கிளப் ஹிப்ஸ். ஜெர்மனியில் ராட்-வைஸ் எஸ்ஸனை 4–0 என்று வென்ற முதல் ஆட்டத்தில் ரெய்லியும் ஒரு கோல் அடித்தார். அரையிறுதி வரை போய் பிரான்சின் ரீம்ஸிடம் தோற்றார்கள். அதற்குப் பிறகு முழங்கால் குருத்தெலும்பு அவரைப் படாதபாடு படுத்தியது. அன்று மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது, ஸ்காட்லாந்து லீக்கில் அது வந்ததே 1966-ல்தான். அடிபட்டாலும் நொண்டிக்கொண்டே களத்தில் நிற்க வேண்டும். 1958 ஏப்ரலில், ரேஞ்சர்ஸை 3–1 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோலோடு ரெய்லி விடைபெற்றார். வயது 29. பிறகு லீத் பகுதியில் ஒரு மதுக்கூடம் நடத்தினார். 2013-ல் காலமானார்.

அவருக்குப் பின் ஹிப்ஸின் 9-ம் எண்ணை எடுத்துக்கொண்டவர் ஜோ பேக்கர். லிவர்பூலில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். 1959–60 சீசனில் மட்டும் 42 லீக் கோல். அவர் சம்பளம் கூட்டிக் கேட்டார், நிர்வாகம் கூட்டவில்லை. 1961-ல் இத்தாலியின் டோரினோவுக்கு விற்றார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் பிறந்ததால் ரெய்லிக்கு வராத வாய்ப்பு பேக்கருக்கு வந்தது என்று சிலர் எழுதுவார்கள். அப்படிச் சொல்வது பாதிதான் சரி. பேக்கர் விஷயத்திலும் விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது கிளப்தான்.

இங்கே மறுபடி ஒரு நிமிடம் நிற்போம். ஜான்ஸ்டனும் பேக்கரும் போனார்கள், ரெய்லி இருந்தார். முதல் இருவரையும் பணத்தாசை பிடித்தவர்கள் என்றோ ரெய்லியைத் தியாகி என்றோ பிரிப்பதற்கு இடமே இல்லை. மூன்று பேர் பதிவும் கிளப்பிடம் இருந்தது. இரண்டை விற்க முடிவு செய்தார்கள், ஒன்றை வைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள்.

## முறை உடைந்தது எப்படி

ஒரே நாளில் உடையவில்லை. மூன்று தடவையாக உடைந்தது.

நீதிமன்றத்துக்குப் போனவர்கள் முன்பே உண்டு. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஹாரி கிங்கபி என்பவர் தொடுத்த வழக்கு 1912-ல் தோற்றது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு எதுவும் பெரிதாக அசையவில்லை.

முதல் அடி சம்பளத்தில் விழுந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் வரை போகத் தயாரானது. 1961 ஜனவரியில் இங்கிலாந்தில் உச்சவரம்பு நீங்கியது. ஃபுல்ஹமின் ஜானி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு வாங்கும் முதல் ஆட்டக்காரர் ஆனார். 20-லிருந்து 100! அதுவரை எவ்வளவு அழுத்தி வைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு தாவலே அளவுகோல்.

இரண்டாவது அடிதான் நம் விஷயத்தின் மையம். நியூகாஸில் யுனைடெட்டின் ஜார்ஜ் ஈஸ்ட்டம் 1960-ல் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போகக் கேட்டார். பதிவைத் தர மறுத்தார்கள். அவர் ஆடாமல், தக்கை விற்கும் வேலை பார்த்தார். ரெய்லி செய்ததைத்தான் இவரும் செய்தார், இன்னும் நீண்ட காலம் தாக்குப்பிடித்தார். அந்த ஆண்டிலேயே ஆர்சனலுக்கு 47,500 பவுண்டுக்கு விற்கப்பட்டுவிட்டார், ஆனாலும் வழக்கை விடவில்லை. 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பு சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் தக்கவைப்பது, ஒருவர் தன் தொழிலைச் செய்ய முடியாதபடி நியாயமின்றித் தடுப்பதாகும். 70 ஆண்டுகளாக விளையாட்டின் உள்விவகாரம் என்று சொல்லி வந்ததை, இது ஒருவருடைய பிழைப்பு என்று ஒரு நீதிபதி பார்த்தார்.

ஆனால் தக்கவைப்புதான் அடிபட்டது, மாற்றுக் கட்டணம் அப்படியே இருந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வாங்கவும் புதுக் கிளப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு முடிவு கட்டியவர் பெல்ஜியத்தின் ஜான்-மார்க் பாஸ்மன். 1990-ல் ஆர்.எஃப்.சி. லியேஜ் கிளப்புடன் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ஆட்டக்காரர் கட்டணமின்றிப் போகலாம். நம் உவமையில் சொன்னால், அன்றுதான் டி.சி. பிள்ளை கையிலேயே கொடுக்கப்பட்டது.

## இன்று ஒரே கிளப்பில் இருப்பவரும் அன்று இருந்தவரும்

இதெல்லாம் தெரிந்த பிறகு, ‘ஒரே கிளப் ஆட்டக்காரர்கள்’ என்று போடப்படும் பட்டியல்களைப் பார்த்தால் ஒரு சங்கடம் வரும். ரோமாவின் ஃபிரான்செஸ்கோ டோட்டியும் ஹிப்ஸின் லாரி ரெய்லியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பார்கள். டோட்டி 1993-லிருந்து 2017 வரை ரோமாவுக்கு மட்டுமே ஆடினார். அவருடைய காலத்தின் பெரும்பகுதி பாஸ்மன் தீர்ப்புக்குப் பிந்தியது. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் கதவு திறந்திருந்தது. ரியல் மாட்ரிட் அவரை விரும்பியது, அவர் போகவில்லை. அது அவர் எடுத்த முடிவு.

ரெய்லிக்கு அப்படி ஒரு கதவு இருந்ததே இல்லை. திறந்திருந்தால் போயிருப்பாரா, அப்பாவோடு ரயிலேறிப் போய்ப் பார்த்த அந்த அணியிலேயே இருந்திருப்பாரா? இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1953-ல் கேட்ட அந்த ஓர் ஆட்டத்தைக் கொடுத்திருந்தால் சண்டையே வந்திருக்காது. ஆனால் அந்த முடிவை எடுக்கும் இடத்தில் அவரை யாரும் ஒருநாளும் நிறுத்தவில்லை.